கடைசி ஆள் வரை

சென்ற வாரம் ஹெர்மன் கோஹனின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். ஜெர்மானியப் பண்பாடும் யூத அறமும் ஒன்றுக்கொன்று உறவு என்று கடைசி மூச்சுவரை நம்பிய அந்தத் தத்துவப் பேராசிரியர் 1918 ஏப்ரலில் பெர்லினில் காலமானார். அவருடைய மனைவி மார்த்தா அதன் பிறகு 24 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1942 செப்டம்பரில், 80 வயதைத் தாண்டியிருந்த அந்த மூதாட்டியை நாஜிகள் ரயிலேற்றித் தெரசின்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் அந்த முகாமில் செத்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர்.

நான்கு மாதம் கழித்து அதே முகாமுக்கு இன்னொரு முதியவர் வந்து இறங்கினார். கோஹன் பாடம் நடத்திய அதே பெர்லின் கல்விக்கூடத்தில் அவரோடு பணியாற்றியவர். ஜெர்மானிய யூதர்கள் அனைவருக்கும் பத்தாண்டுகளாகத் தலைவர். பெயர் லியோ பெக். ரபி, தத்துவவாதி, இறையியல் அறிஞர்.

பெக்கின் தத்துவத்தை அவருடைய புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது. தாம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வாழ்க்கையால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. அந்தப் பதில்களில் ஒன்றைப் பற்றிய வழக்கு அவர் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் தீரவில்லை. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

*

1873 மே 23 அன்று, பிரஷ்யாவின் போசன் மாகாணத்தில் லிஸ்ஸா என்ற ஊரில் பெக் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது, பெயர் லெஷ்னோ. தந்தை சாமுவேலும் ரபி. வீட்டில் யூதச் சட்டநூலான தல்மூத், பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும். இரண்டையும் சேர்த்தே படித்து வளர்ந்தார்.

ரபிப் படிப்புக்கு முதலில் பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போனார். அங்கிருந்த கல்லூரி மரபை அதிகம் அசைக்காமல் ஆராய்ச்சி செய்யும் இடம். அது போதவில்லை. 1894-இல் பெர்லினுக்கு வந்து, எதையும் கேள்வி கேட்டுப் படிக்க இடம் கொடுத்த யூதவியல் உயர்கல்விக்கூடத்தில் சேர்ந்தார். கூடவே பெர்லின் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் டில்த்தையிடம் தத்துவம் பயின்று, 1895-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் ஸ்பினோசா. 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் சபித்து விலக்கி வைத்த அதே ஸ்பினோசா, ஜெர்மனியின் சிந்தனையில் முதன்முதலில் எப்படி நுழைந்தார் என்பதை ரபியாகப் போகிற ஓர் இளைஞர் ஆராய்ந்தார். அவருடைய மனம் எவ்வளவு திறந்து கிடந்தது என்பதற்கு இது முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சியும் சீக்கிரமே கிடைத்தது. 1897-இல் சிலேசியாவின் ஓப்பெல்ன் நகரில் ரபியானார். அதே ஆண்டுதான் தியோடர் ஹெர்ஸல், யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் முதல் மாநாட்டைப் பாசெல் நகரில் கூட்டினார். ஜெர்மானிய ரபிகளின் சங்கம் கொதித்தெழுந்தது. தங்கள் தேசபக்தியை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்ற பதற்றம் அவர்களுக்கு. சியோனிசத்தைக் கண்டித்துத் தீர்மானம் வந்தபோது அதை ஏற்க மறுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் பெக். அவர் சியோனிசவாதியும் இல்லை. தாம் ஏற்காத கருத்து என்பதற்காக அதைச் சொல்பவர்களைச் சபை கூடிக் கண்டிப்பதை அவர் ஒப்பவில்லை. வயது அப்போது 25 இருக்கும்.

ஓப்பெல்னில் இருந்தபோதுதான் அவரை எழுத்தாளராக்கிய சம்பவம் நடந்தது. 1899-1900 குளிர்காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அடோல்ஃப் ஹார்னாக் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய திருச்சபை வரலாற்றாசிரியர் அவர். எல்லாத் துறை மாணவர்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து கேட்டார்கள். சொற்பொழிவுகள் ‘கிறிஸ்தவத்தின் சாரம்’ என்ற நூலாக வந்து நாடெங்கும் பரவின. சடங்கையும் சட்டத்தையும் கட்டிக்கொண்டு அழுத பரிசேயர்கள் ஒரு பக்கம், தூய அன்பைப் போதித்த இயேசு இன்னொரு பக்கம் என்ற சித்திரம் அதில் இருந்தது. யூத மதம் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய ஒன்று என்று படிப்பவருக்குத் தோன்றும்.

1901-இல் பெக் ஒரு நீண்ட மதிப்புரை எழுதினார். மூலநூல்களைப் படிக்காமல் பரிசேயர்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார் ஹார்னாக் என்பது அவருடைய அடிப்படைக் குற்றச்சாட்டு. தல்மூதும் வேத விளக்கங்களான மித்ராஷும் தெரிந்த ஒருவருக்கு இயேசுவின் பேச்சில் ஒரு யூத ஆசிரியரின் குரல் கேட்கும் என்றார். சிறிய நகரம் ஒன்றில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த 28 வயது ரபி, நாட்டின் தலைசிறந்த பேராசிரியருக்கு எழுதிய மறுப்பு அது. ஹார்னாக் பதில் சொல்லவில்லை. பெக் விடவும் இல்லை. 1905-இல் ‘யூத மதத்தின் சாரம்’ வெளிவந்தது. தலைப்பிலேயே பதில் இருந்தது.

அந்த நூலின் மையக் கருத்து எளிமையானது. கடவுள் எப்படிப்பட்டவர் என்று யூத மதம் பெரிதாக விளக்குவதில்லை. மனிதனிடம் அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. தீர்க்கதரிசிகள் கண்டது ஒரு கோட்பாட்டை அன்று, ஒரு கட்டளையை. அடுத்தவனுக்கு நீதி செய், ஏழையை ஏமாற்றாதே, அந்நியனை ஒடுக்காதே. இந்தக் கட்டளையைக் கேட்கிறவன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். மனிதனின் மாண்பே அதுதான். இதில் காண்டின் வாடை இருக்கிறது. கோஹனின் வாடை இன்னும் அதிகமாக இருக்கிறது.

பிறகு போர் வந்தது. டூசல்டோர்ஃபில் ஐந்தாண்டு பணியாற்றிவிட்டு 1912-இல் பெர்லினுக்கு வந்திருந்த பெக், 1914-இல் ராணுவ ரபியாகப் போர்முனைக்குப் போனார். மேற்கு முனை, கிழக்கு முனை இரண்டிலும் காயம்பட்டவர்களோடும் சாகிறவர்களோடும் இருந்தார். ஜெர்மனிக்காக ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் சீருடை அணிந்தார்கள். 12,000 பேர் உயிர்விட்டார்கள். அவர்கள் செத்துக்கொண்டிருந்தபோதே, 1916-இல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற புகாரைக் கேட்டு ராணுவ அமைச்சகம் யூத வீரர்களைத் தனியே கணக்கெடுத்தது. அந்தக் கணக்கின் முடிவைக் கடைசிவரை அது வெளியிடவில்லை.

போரிலிருந்து திரும்பிய பெக்கின் எழுத்து மாறியிருந்தது. 1922-இல் ‘சாரம்’ நூலைக் கிட்டத்தட்டப் புதிதாகவே எழுதினார். பகுத்தறிவால் மட்டும் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்ற இளமைக்கால உறுதி அதில் இல்லை. அதே சமயத்தில் ‘மறைபொருளும் கட்டளையும்’ என்ற சிறிய கட்டுரையையும் எழுதினார். அவர் எழுதியவற்றில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். வாழ்க்கைக்கு அடியில் நம் அறிவுக்கு எட்டாத ஆழம் ஒன்று இருக்கிறது. நம் கையால் செய்யவேண்டிய காரியமும் ஒன்று இருக்கிறது. இவை இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்கிறார். ஆழத்தை மட்டும் பிடித்துக்கொண்டவன் கண்மூடி லயித்திருப்பான், பக்கத்து வீட்டில் அழுகை கேட்டாலும் எழமாட்டான். கடமையை மட்டும் பிடித்துக்கொண்டவனுக்கு ஒருநாள் அது வெறும் சட்டப்புத்தகமாக வறண்டுபோகும்.

அந்தக் காலத்தில் எழுதிய ‘ரொமான்டிக் மதம்’ என்ற கட்டுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவுலின் கிறிஸ்தவம் உணர்ச்சியில் கரைந்து, அருளுக்காகக் காத்திருக்கும் மதம். மனிதன் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று கட்டுரையில் வாதிட்டார். கிறிஸ்தவத்துக்கு அது நியாயம் செய்யவில்லை. ஆனால் எந்த அரசு வந்தாலும் பணிந்துபோகும் பக்தியைப் பற்றி அவர் எழுப்பிய எச்சரிக்கை பத்தே ஆண்டுகளில் ஜெர்மனியில் மெய்யானது.

*

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது ஜெர்மனியில் 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான யூதர்கள் இருந்தார்கள். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களுக்குள்ளும் ஆயிரம் பிரிவுகள். வைதிகர், சீர்திருத்தக்காரர், சியோனிசவாதி, நான் முதலில் ஜெர்மானியன் என்பவர், கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர். அவர்களுக்கெல்லாம் பொதுவாகப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. 1933 செப்டம்பரில் ஜெர்மானிய யூதர்களின் பிரதிநிதி அமைப்பு உருவானபோது தலைவராக எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பெயர் பெக். அவருக்கு 60 வயது. நிர்வாகத்தை ஓட்டோ ஹிர்ஷ் பார்த்துக்கொண்டார்.

ஜெர்மானிய யூதர்களின் ஆயிரமாண்டு வரலாறு முடிந்துவிட்டது என்று பெக் அந்த ஆண்டிலேயே சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இந்தக் கொடுமை ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும் என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே அவர் பத்தாண்டுகள் வேலை செய்தார். பொதுப் பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி, வேலை இழந்த வழக்கறிஞருக்கும் கடைக்காரருக்கும் தச்சும் விவசாயமும் கற்றுத்தரும் பயிற்சி, பட்டினி கிடந்தோருக்கு உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக விசா. எந்த நாட்டுத் தூதரகம் எத்தனை பேரை ஏற்கும் என்று அலைவதே அன்றாட வேலையாகிவிட்டது. 1941 அக்டோபரில் வெளியேறுவதற்கே தடை வந்தபோது நாட்டில் மிச்சம் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குள் வெளியேறிவிட்டிருந்தார்கள்.

1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. அமைப்பின் பெயரில் ‘ஜெர்மானிய யூதர்கள்’ என்று இருந்ததைக்கூட ‘ஜெர்மனியில் உள்ள யூதர்கள்’ என்று மாற்றச் சொன்னார்கள். அடுத்த மாதம் 6-ஆம் தேதி மாலை, யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் தொடங்கவிருந்தது. ஆண்டில் ஒரே ஒருநாள் தொழுகைக்கூடங்கள் நிரம்பி வழியும் இரவு அது. அன்று எல்லா ஊர்களிலும் வாசிப்பதற்கென்று பெக் ஒரு ஜெபம் எழுதி அனுப்பினார். எங்கள் பாவங்களைக் கடவுள் முன்னால் அறிக்கையிடுகிறோம். ஆனால் எங்கள்மேல் சுமத்தும் பொய்களை அருவருப்போடு ஒதுக்குகிறோம் என்பது அதன் பொருள். ரகசியப் போலீஸான கெஸ்டபோவுக்குத் தகவல் போயிற்று. ஜெபத்துக்குத் தடை விதித்து, பெக்கைக் கைதுசெய்தார்கள், ஹிர்ஷையும் பிடித்தார்கள். பிறகு விட்டார்கள். அது முதல் முறையும் இல்லை, கடைசி முறையும் இல்லை.

1937 மார்ச்சில் மனைவி நத்தாலி இறந்துபோனார். பெக் பிரசங்கம் செய்த ஃபசானென் தெருத் தொழுகைக்கூடத்தை 1938 நவம்பரில் கொளுத்தினார்கள். ஒரே மகள் ரூத் குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. சின்சினாட்டியில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. 1939-இல் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்குப் போகும் யூதக் குழந்தைகளோடு அவரே கடல் கடந்து போனார். மகள் இருக்கும் நாடு. திரும்பிவர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. குழந்தைகளை ஒப்படைத்துவிட்டுப் பெர்லினுக்கே திரும்பினார். ஜெர்மனியில் கடைசி யூதன் இருக்கும்வரை தாமும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

உடன் பணியாற்றியவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஹிர்ஷை 1941-இல் மௌட்ஹவுசன் முகாமில் கொன்றார்கள். பிரதிநிதி அமைப்பு 1939-லேயே கெஸ்டபோவின் நேரடிக் கட்டுப்பாட்டில் ஒரு கட்டாய ஒன்றியமாக மாறிவிட்டிருந்தது. இங்கிருந்துதான் பெக்கின் கதையில் நிழல் விழத் தொடங்குகிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

1941 அக்டோபர் 18 அன்று பெர்லினிலிருந்து முதல் ரயில் கிழக்கே போனது. யார் யார் போகவேண்டும் என்ற பட்டியல் வேலையில் ஒன்றியத்தின் அலுவலகங்களும் இழுக்கப்பட்டன. வீட்டுக்கு வந்து அழைத்துப்போவது கெஸ்டபோவாக இருப்பதைவிட யூத ஊழியர்களாக இருந்தால் கொஞ்சம் மென்மையாக நடந்துகொள்வார்கள் என்று பெக் கருதினார். முதியவர்களிடம் தெரசின்ஷ்டாட் ஒரு முதியோர் இல்லம் என்று சொல்லி, ஆயுள் முழுக்கத் தங்குமிடமும் சாப்பாடும் தருவதாக ஒப்பந்தம் போட்டு அவர்களுடைய சேமிப்பை வாங்கினார்கள். அந்த ஒப்பந்தங்களில் ஒரு தரப்பாகக் கையொப்பமிட்டது ஒன்றியம். பணம் போனது நாஜிகளின் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு. ஐரோப்பாவில் யூதர்களின் சட்ட நிலை எப்படி வளர்ந்தது என்று பெக் இரண்டு பேரோடு சேர்ந்து அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஆய்வு எழுதினார். ஹிட்லருக்கு எதிரான ரகசிய இயக்கத்தாருக்காக எழுதியது என்று போருக்குப் பிறகு சொன்னார். ஆவணங்களைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் சிலர், அது பாதுகாப்புத் தலைமையகத்தின் உத்தரவில் நடந்த வேலை என்கிறார்கள்.

இவ்வளவுக்கு நடுவிலும் 1942 கோடைவரை உயர்கல்விக்கூடத்தில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் நடுவில், நாஜிகளின் தலைநகரில், மிச்சமிருந்த சில மாணவர்களுக்கு ஒரு ரபி மித்ராஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் அதையும் மூடினார்கள்.

1943 ஜனவரி 27 விடிவதற்கு முன் கதவு தட்டப்பட்டது. கொஞ்சம் அவகாசம் கேட்டார் பெக். லிஸ்பன் வழியாக மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்சாரக் கட்டணத்துக்கும் எரிவாயுக் கட்டணத்துக்கும் அஞ்சல் பணவிடை நிரப்பி வைத்தார். பிறகு எழுந்து போனார். கட்டளை என்பது பெரிய தருணங்களுக்கு மட்டும் உரியதில்லை, அன்றாடத்தில்தான் அது குடியிருக்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போதித்தவர் அவர்.

*

தெரசின்ஷ்டாட், பிராகாவுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள கோட்டை நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் யோசேப்பு தன் தாய் மரியா தெரசாவின் பெயரால் கட்டியது. போருக்கு முன்பு சுமார் 7,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்திருந்தார்கள். மொத்தமாக அங்கே கொண்டுவரப்பட்ட யூதர்கள் 1,40,000-க்கு மேல். பசியிலும் நோயிலும் அங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000. அங்கிருந்து ஆஷ்விட்சுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டவர்கள் சுமார் 88,000. பெக் போய்ச் சேர்ந்தபோது அவருடைய சகோதரிகள் மூவர் ஏற்கெனவே அங்கு இறந்திருந்தார்கள். நான்காமவரும் சீக்கிரமே போய்விட்டார்.

தலைவர் என்பதற்காகத் தனிச்சலுகை வேண்டாம் என்றார். குப்பை வண்டி இழுக்கும் வேலை கிடைத்தது. குதிரைக்குப் பதிலாக மனிதர்கள் பூட்டப்பட்ட வண்டி. நுகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு தத்துவம் பேசிக்கொண்டே இழுத்தார். 70 வயது நிறைந்ததும் வேலையிலிருந்து விலக்கு வந்தது. அதன்பின் பகலெல்லாம் நோயாளிகளின் அறைகளில் இருந்தார். இரவில் சொற்பொழிவு.

அந்த முகாமில் கைதிகளே நடத்திய சொற்பொழிவுகள் ஆயிரக்கணக்கானவை. பெர்லினிலும் வியன்னாவிலும் பிராகாவிலும் வாழ்ந்த அறிவாளிகளில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். பெக் பேசுகிறார் என்றால் சொற்பொழிவு நடக்கும் பரண் நிரம்பிவிடும். பிளேட்டோ, ஸ்பினோசா, காண்ட், தீர்க்கதரிசிகள். கையில் புத்தகம் இல்லை, குறிப்பு இல்லை. பல இரவுகளில் விளக்கும் இல்லை. காலையிலிருந்து ரொட்டித்துண்டுக்கு வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான உடல்கள் இருட்டில் நெருக்கியடித்து நின்று ஞானத்தைப் பற்றிக் கேட்டன. எண்களாக மாற்றப்பட்டவர்கள் அந்த ஒரு மணிநேரத்தில் மனிதர்களாக இருந்தார்கள் என்று உயிர்தப்பியவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கிடைத்த தாள்களில் அவர் புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார். ‘இந்த மக்கள்’ என்பது அதன் பெயர்.

1943 ஆகஸ்ட். ஒரு செக் பொறியாளர் இரவில் பெக்கை எழுப்பி ஒரு செய்தி சொன்னார். ஆஷ்விட்சுக்குப் போகிறவர்களில் வேலைக்குப் பொறுக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்களை விஷவாயுவில் கொல்கிறார்கள். அங்கிருந்து வந்த நேரடித் தகவல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கேட்டுவிட்டுத்தான் அவர் இதைச் சொன்னார். முகாமின் யூத முதியோர் சபையிடம் சொல்லலாமா என்று பெக் யோசித்தார். வேண்டாம் என்று முடிவெடுத்தார். போருக்குப் பிறகு அவரே இதை வெளிப்படையாகச் சொல்லி, காரணங்களையும் சொன்னார். வாயுவில் சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு நாள்களைக் கழிப்பது அந்தச் சாவைவிடக் கொடுமை. எல்லோருக்கும் அந்தச் சாவு நிச்சயமும் இல்லை; சிலரை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்; எல்லா ரயிலும் அங்கே போகிறதா என்பதும் தெரியாது.

அதன் பிறகு நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். 1944 மே மாதத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வருவதால் நெரிசலைக் குறைக்க 7,500 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். ஜூன் 23 அன்று விருந்தினர்கள் வந்து, வண்ணம் பூசிய வீடுகளைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்கள். செப்டம்பர் இறுதியில் முகாமின் யூத மூத்தவராக இருந்த பவுல் எப்ஸ்டைனைச் சுட்டுக் கொன்றார்கள். பெர்லினில் பெக்கோடு பணியாற்றியவர் அவர். செப்டம்பர் 28 முதல் ஒரு மாதத்துக்குள் பதினொரு ரயில்களில் 18,000 பேருக்கு மேல் ஆஷ்விட்சுக்குப் போனார்கள். முதல் ரயில்களில் ஏறியவர்கள் திடகாத்திரமான ஆண்கள். புதிய வேலை முகாம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள். கணவர்களைத் தேடிச் சில பெண்கள் தாங்களாகவே பெயர்கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள்.

இந்தக் கடைசி வரிதான் என்னை விடுவதில்லை. மதில்சூழ்ந்த கோட்டைக்குள் பட்டினியில் வாடிய கிழவர்களும் கிழவிகளும் செய்தி தெரிந்து என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கணவனைத் தேடிப் பெயர்கொடுத்த பெண்ணுக்கு அந்தச் செய்தி பயன்பட்டிருக்கும். ரயிலிலிருந்து குதித்துப் பார்க்கலாம் என்று ஓர் இளைஞனுக்குத் தோன்றியிருக்கலாம். நூற்றில் ஒருவர் பிழைத்திருக்கலாம். ஒருவருமே பிழைக்காமலும் போயிருக்கலாம். பெக் சொல்லியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பிழைப்புக்கான கணக்கை வைத்து இதைச் சொல்லவில்லை. அவருடைய தத்துவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு மனிதனும் கட்டளையின் முன் தனித்து நிற்கிறான், தன் வாழ்வை என்ன செய்வது என்று தானே முடிவுசெய்கிறான் என்று கற்பித்தவர் அவர். தன் சாவைப் பற்றிய உண்மையை மறைத்துவிட்டால் அந்த முடிவு அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது. பெக் அவர்கள்மேல் கொண்ட இரக்கத்தால் அவர்களுக்காகத் தாமே முடிவெடுத்தார். அவர்களோடு இருக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து திரும்பி வந்ததும் அதே இரக்கம்தான். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு வலிக்கிறது.

தத்துவவாதி பவுல் டில்லிக் இதே கோணத்தில் பெக்கை விமர்சித்திருக்கிறார். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் விமர்சித்தது வேறு குரலில். 1963-இல் வெளிவந்த ‘ஜெருசலேமில் ஐக்மன்’ நூலில் பெக்கின் மௌனத்தையும் யூத ஊழியர் ஏற்பாட்டையும் கடுமையாகச் சாடியதோடு, அவரை ‘யூத ஃபியூரர்’ என்று எழுதினார். பின்வந்த பதிப்பில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார். அந்தச் சொல் அநீதியானது. கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அது அழித்துவிடுகிறது. ஆனால் சொல் நீங்கியதோடு கேள்வி நீங்கிவிடவில்லை. ஆரெண்டுக்குப் பதில் சொன்ன பலர், பெக்கின் புனிதத்தைச் சுட்டிக்காட்டிக் கேள்வியையே தள்ளுபடி செய்யப் பார்த்தார்கள். அது பெக்குக்கும் மரியாதை செய்வதாகாது. பெக் 1956-லேயே இறந்துவிட்டதால் ஆரெண்டுக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

*

பெக் பிழைத்ததற்கு ஒரு பெயர்க்குழப்பமும் காரணம் என்பார்கள். மொராவியாவைச் சேர்ந்த இன்னொரு ரபி முகாமில் இறந்தார். எழுத்தில் சற்று வேறுபட்டாலும் ஒலிப்பில் அவர் பெயரும் பெக்தான். இறந்தது லியோ பெக் என்றே மேலிடத்தில் நினைத்துவிட்டார்கள். யூதர்களை நாடுகடத்தும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் 1945 ஏப்ரலில் முகாமுக்கு வந்தபோது, எதிரே நின்ற கிழவரைப் பார்த்து, இன்னுமா உயிரோடிருக்கிறீர் என்று திடுக்கிட்டுக் கேட்டதாகப் பெக்கே சொல்லியிருக்கிறார். அன்று இரவு சாவுக்குத் தயாராகி உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மே 8 அன்று செஞ்சேனை வந்தது.

முகாமில் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. அவரை அழைத்துப்போக அமெரிக்க அதிகாரி ஒருவர் வந்தபோது, நோயாளிகளுக்கு ஏற்பாடு ஆகும்வரை நகரமாட்டேன் என்று தங்கிவிட்டார். பிடிபட்ட காவலர்களைக் கைதிகள் அடித்துக் கொல்லாமல் தடுத்ததாகவும் சொல்வார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் லண்டன் போய் மகளைக் கண்டார்.

அதன் பிறகு பதினோரு ஆண்டுகள். லண்டனில் வீடு, ஆண்டில் சில மாதம் சின்சினாட்டியில் வகுப்பு. 1948 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாளில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தொடக்க ஜெபத்தைச் சொன்னார். அதே ஆண்டு ஜெர்மனிக்கும் ஒருமுறை போய்வந்தார். முகாமில் எழுதத் தொடங்கிய ‘இந்த மக்கள்’ நூலின் முதல் பாகம் 1955-இல் வந்தது; இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகு. உடன்படிக்கை, எகிப்திலிருந்து விடுதலை, வெளிப்பாடு என்று யூத மக்களின் நெடிய பயணத்தைச் சொல்லும் நூல் அது. நேரில் கண்ட பேரழிவைப் பற்றி அதில் அவர் மிகக் குறைவாகவே பேசுகிறார். அந்த நூலைப் படிக்கும்போது தெரசின்ஷ்டாட்டின் இருட்டில் அவர் ஏன் பிளேட்டோவைப் பற்றிப் பேசினார் என்பது புரிகிறது. நடப்பதற்கு அப்பால் நிற்கும் ஒன்றைக் காட்டுவதே ஆசிரியரின் வேலை என்று அவர் எண்ணினார்.

1955-இல், ஜெர்மன் மொழி பேசிய யூதர்களின் அழிந்துபோன உலகைப் பற்றிய ஆவணங்களைச் சேகரிக்கவும் ஆராயவும் ஜெருசலேம், லண்டன், நியூயார்க் மூன்று நகரங்களிலும் லியோ பெக் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மார்ட்டின் பூபரும் கெர்ஷோம் ஷோலெமும் நிறுவியவர்களில் உண்டு. முதல் தலைவர் பெக்கேதான். 1956 நவம்பர் 2 அன்று லண்டனில் காலமானார். அந்த ஆண்டு அவருடைய பழைய மாணவர் வெர்னர் ஃபான் டெர் ஸில் லண்டனில் ஒரு ரபிக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். மூடப்பட்ட பெர்லின் உயர்கல்விக்கூடத்தின் தொடர்ச்சி அது. அதற்கு லியோ பெக் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். 1975-இல் பிரிட்டனின் முதல் பெண் ரபி ஜாக்கி டாபிக் அங்கிருந்து வெளிவந்தார்.

உலகின் முதல் பெண் ரபி அவருக்கு நாற்பது ஆண்டு முன்பே பட்டம் பெற்றவர். பெயர் ரெகினா யோனாஸ். பெர்லினில் பெக்கின் மாணவி. பெண்ணுக்கு ரபிப் பட்டம் கொடுத்தால் வைதிகர்களோடு பிளவு வருமே என்று பெக் அவருக்குப் பட்டம் தரவில்லை. 1935-இல் ஒஃபன்பாக் நகர ரபி மாக்ஸ் டினமன் தந்தார். பின்னாளில் அந்தச் சான்றிதழில் பெக்கும் கையொப்பமிட்டார். 1942 நவம்பர் முதல் தெரசின்ஷ்டாட்டில் யோனாஸ் சொற்பொழிவாற்றினார், சாகக் கிடந்தவர்களைத் தேற்றினார். பெக் இருந்த அதே முகாம், அதே பரண்கள். 1944 அக்டோபர் 12 அன்று போன ரயிலில் அவர் ஆஷ்விட்சுக்குப் போனார். உயிரோடு திரும்பிய பெக், அடுத்த பதினோரு ஆண்டுகளில் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு பெர்லின் ஆவணக்காப்பகம் ஒன்றில் யோனாஸின் காகிதங்கள் கிடைக்கும்வரை உலகம் அவரைக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. அந்தக் காகிதங்களில் என்ன இருந்தது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.